வாசலிலே ஒரு ஒர்க்‌ஷாப்: ஹெரால்டு கார் தரும் பாடம்

– மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்



ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம்ம மனசுல வருவது சினிமாவில் கதாநாயகன் ஓட்டும் சிவப்பு வண்டிதான். விழுப்புரம் நான்குமுனை சந்திப்பில் காலையிலிருந்து மாலை வரை நின்றாலும் அப்படி ஒரு வண்டி கண்ணில் படாது. பஸ், லாரி, கரும்பு டிராக்டர், ஷேர் ஆட்டோ, இதுதான் நம்ம ஊர். ஆனாலும் உலகப் புகழ் பெற்ற ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறையாகும் ஒரு கார், நாம் தினமும் பஸ் ஏறுகிற இதே ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில்தான் தயாரானது. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தயாரித்த இடம் சென்னையை அடுத்த பெருங்களத்தூர்.

இந்தக் கட்டுரை அந்தக் காரை வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது பற்றியும், அதில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பது பற்றியும். நமக்கு சிலபஸில் இருக்கிற பாதி விஷயம் இந்த ஒரு வண்டியில் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது.

அண்ணனும் தம்பியும்

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி 1959-இல் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. உருவம் கொடுத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. அப்போதே மற்ற கம்பெனிகள் சேஸிஸ் இல்லாமல் பாடியையே சேஸிஸாகக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஹெரால்டு மட்டும் ஏன் பழைய மாதிரி தனி சேஸிஸ்? இதில் ஒரு கதை உண்டு. இவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அழுத்திக் கொடுக்க வேறு ஆள் இல்லை. ஆகவே பாடியைத் துண்டு துண்டாகப் பல சின்ன இடங்களில் செய்து வாங்கி, சேஸிஸ் மேல் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். வேறு வழியில்லாமல் போட்ட அந்த போல்ட்டுதான் அறுபது வருஷம் கழித்து நமக்கு வசதியாகப் போச்சு. கழற்றலாம், மாட்டலாம், ஒரு பகுதி துருப்பிடித்தால் அதை மட்டும் மாற்றலாம்.

நம் நாட்டில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961-இல் ஹெரால்டைத் தயாரிக்க ஆரம்பித்தது. 948 சி.சி. என்ஜின், நாலு சிலிண்டர். பிற்பாடு நம் நாட்டுக்கென்றே நாலு கதவு மாடலும் வந்தது. 1970-களில் இதன் வழியில் வந்ததுதான் கேஸல். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று கொண்டு வந்தார்கள், அது எடுபடவில்லை, 1988-உடன் கார் தயாரிப்பு நின்றது. இன்றைக்குப் பெருங்களத்தூரில் அந்த இடத்தில் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்கள் நிற்கின்றன. திண்டிவனத்திலிருந்து தாம்பரம் போகிற பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறோம்.

சரி, தம்பி யார்? ஹெரால்டு சேஸிஸின் நீளத்தைக் குறைத்து, இரண்டு பேர் மட்டும் உட்காரும் தாழ்வான பாடியை மேலே வைத்து 1962-இல் வந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை தயாரானது. முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பின்பக்க ஸ்பிரிங் அமைப்பு எல்லாம் ஹெரால்டு வம்சம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சாதாரண சம்பளக்காரர்கள் இதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டு ஷெட்டில் தாங்களே ரிப்பேர் பார்த்து, தாங்களே டியூனிங் செய்து ஓட்டினார்கள். இப்போதும் ஓட்டுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஹெரால்டு 948 சி.சி. என்ஜின் சுமார் 35 குதிரைத்திறன், வண்டி எடை சுமார் 800 கிலோ. ஒரு டன்னுக்கு சுமார் 44 குதிரைத்திறன். முதல் ஸ்பிட்ஃபயர் 1147 சி.சி., இரட்டைக் கார்புரேட்டர், 63 குதிரைத்திறன், எடை சுமார் 710 கிலோ. டன்னுக்கு 88-க்கும் மேலே. அதாவது இரண்டு மடங்கு. இதில் என்ஜினின் பங்கு பாதிக்கும் மேல் என்றாலும், 90 கிலோ குறைத்ததை மறந்துவிடக் கூடாது. எடையைக் குறைத்தால் பிரேக்குக்கும் வேலை குறைகிறது, டயருக்கும் குறைகிறது. நம்ம பசங்க ஆர்.எக்ஸ். 100-க்கு சைலன்சரை மாற்றிவிட்டு 'பிக்கப் ஏறிடுச்சு மச்சி' என்கிறார்களே, பல சமயம் ஏறுவது சத்தம் மட்டும்தான்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல வருஷங்கள் கார் ரேஸ் நடந்தது. ஹெரால்டு, ஃபியட் போன்ற வீட்டுக் கார்களையே இரவு பகலாகத் திருத்தி அங்கே கொண்டுபோய் ஓட்டினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800-இன் 796 சி.சி. என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் ரேஸ் பழக அதுவே வழியானது. அவர் 1995-இல் விமான விபத்தில் காலமானார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஆரம்ப நாட்களில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

நான் பார்த்த வண்டி

திண்டிவனத்தில் ரைஸ் மில் வைத்திருந்த ஒரு ஐயா வீட்டில் ஒரு ஹெரால்டு நிற்கிறது. அவங்க அப்பா காலத்து வண்டி. எங்க அப்பா லாரி டிரைவர், அந்த மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போன பழக்கம். "பையன் ஆட்டோமொபைல் படிக்கிறான்" என்று அப்பா சொல்லப் போக, ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் விழுப்புரத்தில் பஸ் ஏறிப் போய்விடுகிறேன்.

ஐயா கையில் ஸ்பானர் நன்றாகப் பேசும். ஆனால் வண்டியோடு வந்த ரிப்பேர் புத்தகம் இங்கிலீஷில். "தம்பி, நீ படிச்சு தமிழ்ல சொல்லு, நான் முடுக்குறேன்" என்பார். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டினது நான்தான் முதல். எனக்கும் இங்கிலீஷ் ஒன்றும் தண்ணீர் பட்ட பாடு இல்லை. டிக்‌ஷனரி ஒரு கையில், புத்தகம் ஒரு கையில். அப்படி எழுத்துக்கூட்டிப் படித்ததில் ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், முதலில் கீழே படுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

ஜாக்கி தூக்கும், தாங்காது

வீட்டு வாசலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஷெட்டில் இருக்கிற பள்ளமோ லிஃப்ட்டோ கிடையாது. ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே படுக்க வேண்டும். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும். ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சின்ன ரப்பர் சீல் போனாலும் வண்டி இறங்கிவிடும். ஸ்டாண்டு வைக்காமல் கீழே தலை போகக் கூடாது.

செங்கல், ஹாலோ பிளாக் வைக்கவே கூடாது. அவை மேலிருந்து சீராக வருகிற பாரத்தைச் சுவரில் தாங்கும். சேஸிஸ் முனை போல ஒரே இடத்தில் குத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் நல்ல கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கலாம். நம்ம ஊர் வாசல் பெரும்பாலும் மண் தரை. மழை பெய்த மறுநாள் ஜாக்கி அப்படியே உள்ளே இறங்கும். அடியில் அகலமான பலகை போடணும். தூக்காத வீல் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்கணும். எங்க அப்பா சொல்லிக்கொடுத்த இன்னொன்று: கழற்றின வீலைச் சுவரோரமாகச் சாய்த்து வைக்காதே, சேஸிஸுக்குக் கீழே படுக்கப் போடு. எது தவறினாலும் வண்டி வீல் மேல் உட்காரும், உன் மேல் உட்காராது. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் தெரிந்துகொண்டவர் அவர்.

கிரீஸ் வேண்டாம், ஆயில்

இப்போது அந்த ஒரு வரி. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் வீலைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை நிறத்தில் உள்ள டிரன்னியன் என்ற ஒரு பாகத்துக்குள் முடுக்கியிருக்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. அதாவது ஒரு போல்ட்டு தன் நட்டுக்குள் லேசாக முடுகுகிறது, லேசாகக் கழலுகிறது, ஆயுசு முழுக்க. வண்டியின் முன்பாரம் எல்லாம் அங்கேதான் இறங்குகிறது.

புத்தகத்தில் போட்டிருந்தது: இங்கே கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கிரேடு கியர் ஆயில்தான் விடணும்.

ஐயாவின் வண்டிக்குப் பல வருஷமாக ஒரு ஷெட்டில் சர்வீஸ். அங்கே மற்ற கார்களுக்கு அடிப்பது போல இதற்கும் கிரீஸ் கன்னை வைத்து அடித்து அனுப்பியிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம். ஆனால் கிரீஸ் கெட்டியானது, மரையின் இடுக்கு முழுவதும் போய்ச் சேராது. வாய் அருகே இறுகி உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஆயிலே விட்டாலும் உள்ளே போக விடாமல் அடைத்துவிடும். மேல் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். இரும்பு துருப்பிடிக்கும், துரு மரையை அரிக்கும், அரித்த இடத்தில் மயிரிழை போல விரிசல் விழும், விரிசல் வளரும். ஒரு நாள் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போதோ, ஒரு குழியில் இறங்கும்போதோ தண்டு ஒடிந்து முன் வீல் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். நம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஃபேட்டிக் என்று படிக்கிறோமே, அதுதான் இது. பரீட்சைக்கு நாலு மார்க். ரோட்டில் அப்படி இல்லை.

நாங்கள் வலது பக்கத்தைக் கழற்றினபோது உள்ளே மரை உலர்ந்து, செம்பட்டை நிறத் தூளாக இருந்தது. தண்டைத் துடைத்துப் பார்த்தால் மரையின் கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில் அரிப்பு விரல் நகத்தில் தட்டியது. அந்த வண்டியில்தான் ஐயா பேத்தியை உட்கார வைத்து மரக்காணம் போய் வருவார். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது தெரியாமலா நான் எண்பதுல போனேன்" என்றார்.

அந்தத் தண்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். நான் வேண்டாம் என்றேன். நம் லேத் பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், புஷ் கடைவார்கள், பின் கடைவார்கள், எதையும் அச்சாகச் செய்து கொடுப்பார்கள். ஆனால் இந்தத் தண்டு ஃபோர்ஜிங் செய்தது. சூட்டில் அடித்து உருவாக்கும்போது இரும்பின் உள் இழை வளைவோடு சேர்ந்து ஓடுகிறது, அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட். கடையில் வாங்கின உருளைக் கம்பியைக் கடைந்தால் இழை குறுக்கே வெட்டுப்படும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பலம் ஒன்றுபோல இருக்காது. ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் தண்டு இந்த மூன்றுக்கும் ஒரிஜினல் அளவும் ஒரிஜினல் தரமும்தான் என்பது என் அபிப்பிராயம். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருப்பதால் இந்தப் பாகங்களை இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். செலவுதான். ஐயா மில்லில் கிடந்த பழைய மோட்டார் ஒன்றை விற்று வரவழைத்தார். அதுவரை வண்டி நாலு மாதம் கட்டை மேலேயே நின்றது.

இந்த வண்டி யாரிடமாவது இருந்தால் செய்முறை இதுதான். முன்பக்கம் தூக்கி வீல் தொங்கட்டும். டிரன்னியனில் உள்ள சின்ன அடைப்பு ஸ்குரூவைக் கழற்றி அங்கே நிப்பிள் மாட்டணும். கிரீஸ் கன்னில் கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு கியர் ஆயில் நிரப்பி, மேல் பக்கம் ஆயில் கசியும் வரை அடிக்கணும். அடிக்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பது கணக்கு. நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது. இடது, வலது டிரன்னியனின் மரை எதிரெதிர் திசை, மாற்றி மாட்ட முடியாது என்பதையும் ஞாபகம் வைக்கணும்.

ஒன்பது கணக்கு

ஹெரால்டின் பானெட் தனி அழகு. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். என்ஜின் மூன்று பக்கமும் திறந்து நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் பல்பு மாற்றவே கை நுழையாது.

இதில் டாப்பெட் கேப் வைப்பது மிகச் சுலபம். சூடு ஆறின என்ஜினில் எல்லா வால்வுக்கும் 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீட்டர். எட்டு வால்வையும் முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் என்ஜின் சுற்றும். 8-ஆவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது 1-ஐ வைக்கணும். 6 திறந்திருந்தால் 3. 4 திறந்திருந்தால் 5. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரணும். ஏன்? ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒன்றாவது பிஸ்டனும் நாலாவது பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கினாலும் வேலையில் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி, வித்தியாசம். கேம் ஷாஃப்ட்டுக்கு அது அரைச் சுற்று. ஒரு வால்வின் கேம் மூக்கு மேலே தள்ளும்போது அதன் ஜோடிக்குக் கேமின் முதுகுப்பக்கம் நேராக வருகிறது. வகுப்பில் கேம் வரைபடம் போட்டபோது எனக்கு விளங்காதது, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒன்பது எண்ணினபோது விளங்கிவிட்டது.

இந்த அளவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பது ரொம்ப முக்கியம். காரணம் பெட்ரோல். பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். நம் சுகாதாரத்துக்கு அது நல்லதே. ஆனால் அந்தக் கால வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே அமுங்கும். அமுங்கினால் தண்டு மேலே வரும், கேப் குறையும். போன தடவை 10, இந்தத் தடவை 8, அடுத்த தடவை 6 என்று ஒரே வால்வில் குறைந்துகொண்டே போனால் சீட்டு தேய்கிறது என்று அர்த்தம். அப்போது ஹெட்டைக் கழற்றி மெஷின் ஷாப்பில் கெட்டி சீட்டு போட வேண்டியதுதான், அது வாசலில் நடக்கிற வேலை அல்ல. குறையவில்லை என்றால் வீணாக ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்து வெடிக்க வைக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். சூடான என்ஜின் மேல் சொட்டினால் வண்டி எரியும். ஆகவே ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதுதான் பழைய காரில் செய்ய வேண்டிய முதல் மாடிஃபிகேஷன். பெரிய வீல் அப்புறம். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு, ஆகவே கலவை கொஞ்சம் லீன் ஆகும். பிளக் நுனி வெள்ளையாகத் தெரிந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பார்க்கலாம். கருப்புக் கரி என்றால் ரிச். இளம் பழுப்பு என்றால் கையை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் கேப் 0.015 அங்குலம், பிளக் கேப் 0.025 அங்குலம்.

பட்டை கூட்டினால் வரும் வினை

மாற்றம் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பது ஸ்பிரிங்கில். லாரியில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டால் ஒரு பட்டை கூடப் போடுவோம். அதையே ஹெரால்டில் செய்தால் ஆபத்து.

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிற்கும், இரண்டு பக்க அரை ஆக்ஸிலும் பறவையின் சிறகு மாதிரி மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் கட்டு. வண்டியின் பின்பக்கம் உயர்ந்தால் இரண்டு வீலும் கீழ்ப்பக்கம் உள்ளே மடியும். வேகமாக வளைவில் போகும்போது திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளி வீல் உள்ளே மடங்கி, பிடிப்பு போய் வண்டி சுற்றிவிடும். பட்டை கூட்டி முன்கூட்டியே உயர்த்தி வைத்தால் பாதி மடங்கலை நாமே செய்து கொடுத்த மாதிரி. ஸ்பிட்ஃபயரில் இதே குறைக்கு 1970-இல்தான் முடிவு கட்டினார்கள்: ஸ்பிரிங் கட்டில் அடிப்பட்டையை மட்டும் இறுக்கமாகப் பிடித்து, மற்றவை நடுவில் ஊசலாட விட்டார்கள். நம் கேஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு சாதாரண நேர் ஆக்ஸில் போட்டுவிட்டார்கள். ஹெரால்டு வைத்திருப்பவர் செய்யக்கூடியது, ஸ்பிரிங்கை ஒரிஜினல் உயரத்தில் வைப்பது, நல்ல டயர் போடுவது, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பது. அவ்வளவுதான்.

வீல் மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று. ஹெரால்டும் மாருதி 800-உம் நாலு போல்ட்டுதான். ஆனால் போல்ட்டு வட்டம் ஹெரால்டில் மூன்றே முக்கால் அங்குலம், மாருதியில் நாலரை. ஓட்டையை அரத்தில் இழுத்து நீளமாக்கி மாட்டிவிடலாம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அப்படி மாட்டினால் நட்டின் கூம்பு சரியாக உட்காராது, வீல் மையமும் தவறும். ஓடும்போது நட்டு கழலும்.

துருவும் பற்றவைப்பும்

கடல்பக்கம் அடிக்கடி போகிற வண்டிக்கு உப்புக்காற்று எமன். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டி நிற்கும் கைகளை, மேல் பெயிண்டைப் பார்த்து நம்பாமல், சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகணும். கணீர் என்றால் நல்லது. சொத சொத என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. கதவு இடுக்கு மேலும் கீழும் ஒரே சீராக இல்லாவிட்டால் சேஸிஸ் தொங்க ஆரம்பித்துவிட்டதா என்று சந்தேகப்படணும். பற்றவைக்கும்போது பேட்டரி கழற்றியிருக்கணும். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால் அதையும் கழற்றி வெளியே தூரத்தில் வைக்கணும். காலி டேங்க்தானே என்று விடக் கூடாது, காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிப்பது.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது

1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. என்ஜின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன் அனுமதி வேண்டும். சட்டம் கெடுபிடி என்று சில நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து என்ஜின் நம்பரைப் பார்க்கும்போது அந்த அலுப்பு நிற்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேலாகி, மூல உருவம் மாறாமல் இருக்கிற வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டுகள் எல்லாமே இன்று இந்த 50 வருஷ வரம்பைத் தாண்டியவை. சேஸிஸை வெட்டி, வேறு என்ஜின் போட்டு, கூரையை அறுத்துத் திறந்த கார் ஆக்கியவர்களுக்கு இந்தப் பதிவு கிடைக்க வழியில்லை. ஆகவே கூரையை அறுக்கும் முன் யோசியுங்கள்.

எங்க அம்மாவுக்கு ஒரு குறை. டிப்ளமா படித்தால் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்காருவான் என்று நினைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கருத்த கையோடு வருகிறேன். "இதுக்கு உங்க அப்பாவோட லாரியிலயே போயிருக்கலாமேடா" என்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் மட்டும் லாரியின் கிங்பின் பக்கம் என்னைக் கூப்பிட்டு, "இதுல கிரீஸா ஆயிலா, உன் புக்குல பாரு" என்றார். பார்த்தேன். லாரிக்கு கிரீஸ்தான்.

ஐயாவின் வண்டி இப்போது ஓடுகிறது. இடது பக்கத் தண்டும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்குப் பாகம் வந்து சேரவில்லை. அதுவரை ஊருக்குள் நாற்பதுக்கு மேல் போவதில்லை என்று ஐயா வாக்குக் கொடுத்திருக்கிறார். புத்தகத்தின் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பகுதியைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன், பிரேக் பகுதி பாதியில் நிற்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் ஆட்டோமொபைல் பிரிவில் என்னிடம் நகல் வாங்கிக்கொள்ளலாம்.